மணல் மூட்டைக்குள் இருந்தது

இருளப்பன் தோளைத் தட்டினால் மலாயாவின் கெடா மாநிலம் முழுக்க ரப்பர் மரங்கள் தானாகப் பால் வடிக்கும் என்று தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக அளந்துவிட்டவன் அவருடைய மச்சினன் தவசி. அந்தத் தோளோ அடிக்கடி மூட்டு நழுவி அவர் மானத்தை வாங்கியது. ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் தேறியதும், பழைய பயில்வானாகிவிட வேண்டுமென்று மணல் மூட்டையைத் தூக்கிப் பழகுவார். வாரத்துக்கு ஒரு பிடி மணல்தான் கூட்டுவார்.

அன்று காலையும் மூட்டை தலைக்கு மேல் போனதும் தோள் நழுவியது. இருளப்பன் வலியில் சுருண்டார்.

"சொந்தத் தோளே துரோகம் பண்ணுதேடா!"

"மரவள்ளிக்கிழங்கு தின்ன தோள்லா மாமா, வேற எப்படி இருக்கும்?" என்று தவசி இளித்தான். இளிப்பு அவனுக்கே ஒட்டவில்லை.

கீழே விழுந்த மூட்டை கிழிந்திருந்தது. இருளப்பன் நல்ல கையால் மணலைத் துழாவினார். அவர் மனைவி பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த அம்மிக் குழவி வெளியே வந்தது.

"யாருடா போட்டது?"

தவசி தலையைக் குனிந்தான். "நல்ல தோள் உள்ளவனையெல்லாம் ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோட்டுக்குப் பிடிச்சிட்டுப் போறான் மாமா. போனவன் ஒருத்தனும் திரும்பல. அக்கா தனியா என்ன பண்ணும்?"

இருளப்பன் குழவியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"இத்தனை நாளா நான் என் தோளைத்தானேடா திட்டினேன்."