செல்வி போட்ட வேலி

மண்சரிவு எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை அள்ளிப்போன பிறகு, எல்லோர் வீட்டுக் கலியாணப் படங்களும் மிஞ்சியது நான் படிப்பிக்கும் பாடசாலைக் கணினியில்தான். கோயில் திருவிழா மலருக்காக முன்பே ஸ்கேன் செய்திருந்தேன். அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத்தந்த என் பழைய மாணவி செல்வி, எந்தச் செயலியும் நாம் காட்டும் படத்தைத் தவிர வேறெதையும் தொடமுடியாதபடி வேலி போட்டாள்.

“என்னைய நம்பலியா?” என்று சீறினேன்.

“ஒங்கள நம்புறேன் டீச்சர். நீங்க எறக்கப்போற செயலியத்தான் நம்பல.”

கர்வக்காரி என்று ஊரெல்லாம் சொன்னேன்.

படத்தைத் தெளிவாக்கும் என்று யாரோ அனுப்பிய செயலியை ஒருநாள் இறக்கி, முதலில் என் கலியாணப் படத்தைக் காட்டினேன். அது படத்தை அழித்துவிட்டது. மற்றப் படங்களைத் திறந்தேன். ஒன்றுக்கும் சேதமில்லை.

செல்வி வந்தாள். நான் சொன்னதெல்லாம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கணினிமுன் உட்கார்ந்தாள். படம் படமாகத் தேடி, பக்கத்து வீட்டுக் கலியாணக் கூட்டத்தின் ஓரத்தில் நானும் கணவரும் புதுஜோடியாக நிற்பதை எடுத்துத் தந்தாள். எங்கள் சுவரில் இப்போது அதுதான் இருக்கிறது.