பிலோமினா டீச்சர் வெட்டிய நூல்

மட்டக்களப்பில் எங்கள் பாடசாலை மதிலில் தந்திக்காரர் சைக்கிளைச் சாத்தியபோது, நான் வலைப்பந்து மைதானத்தில் விசிலும் வாயுமாக நின்றேன். பிலோமினா காலமாகிவிட்டாள், நாளை அடக்கம் என்று அவளுடைய தங்கை பெர்னதெத் அறிவித்திருந்தாள். விசிலைக் கழுத்தில் இருந்து கழற்றினேன். பிள்ளைகள் பந்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று பின்னேரமே திருகோணமலைக்கு பஸ் ஏறினேன்.

மரியாதைக்கு அவளை ‘அவர்’ என்று எழுதத்தான் வேண்டும். எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். திருகோணமலைக் கன்னியர் மடப் பாடசாலையில் படித்த உங்களுக்கெல்லாம் அவள் தையல் டீச்சர். கழுத்தில் அளவு நாடா, கையில் பெரிய கத்தரிக்கோல். “வெட்டமுதல் பாதியா மடிச்சுப் பாருங்கோ, பிள்ளையள்” என்று அவள் சொல்லாத நாள் உண்டா? ஒரு பாவாடைத் துணியில் இரண்டு சட்டை எடுக்கிறவள் அவள். ஆனால் அந்தக் கத்தரிக்கோல் டவுனுக்கு வெளியே சல்லிக் கடற்கரையில் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, மிச்சச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்போது அதே பாடசாலையில் விளையாட்டு டீச்சராக இருந்த என்னையும் பிலோமினாவையும் மடத்துத் தலைவி மதர் பூப்பந்து மட்டை வாங்க அனுப்பினார். மட்டைகளோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தன இரண்டு நீண்ட மூங்கில் தூண்டில் தடிகள், நூல் சுற்றும் உருளைகளோடு. மதர் அவற்றைப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்றாவியை நீங்களே வைச்சிருங்கோ” என்று தள்ளிவிட்டார். எங்களுக்குத் தூண்டில் கிறுக்கு அன்றுதான் பிடித்தது.

கூடைப்பந்து பழக்க வந்த அமெரிக்க ஃபாதர்தான் விளக்கினார். சாதாரண தூண்டிலை ஈயக்குண்டு இழுத்துக்கொண்டு போகும். இதிலோ கொளுக்கியில் கோழி இறகுதான் கட்டியிருக்கும், அதற்குப் பாரமே இல்லை. பாரம் நூலில் இருக்க வேண்டும். நூலைத்தான் எறிய வேண்டும். உருளைகளில் இருந்தது ஆற்று மீனுக்கான பட்டு நூல். சல்லி உப்புத் தண்ணீரில் சீக்கிரமே இற்றுப்போனது. இரண்டு தடி, இரண்டு உருளை, நூல் இல்லை! பிறநாட்டுச் சாமான் எதுவும் கடைகளில் தலைகாட்டாத காலம் வேறு. சில வருடங்கள் தடிகள் அவளுடைய தையல் அறை மூலையில் சும்மா கிடந்தன.

ஃபாதர் விடுமுறையில் ஊருக்குப் போகப் புறப்பட்டார். ஒரேயொரு நூல் சுருள் கொண்டுவருகிறேன், எது வேண்டும் என்று கேட்டார். அப்பப்பா, நாங்கள் போட்ட சண்டை! உப்புக்கு இற்றுப்போகாத பிளாஸ்டிக் பூச்சு நூல், மிதக்கிற நூல் என்பதில் இருவரும் ஒன்று. வடிவத்தில்தான் பிரச்சினை. ஒரு வகை தலைப் பக்கம் தடித்து, பின்பக்கம் முழுவதும் மெலிந்திருக்கும். எதிர்காற்றிலும் தூரம் போகும். மற்றது நடுவில் தடித்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மெலிந்து போகும். அழகாக விழும், தூரம் போகாது. கடலுக்கு முதல் வகைதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

“தூரம் மட்டும் போனால் காணுமோ, சரோ?” என்றாள் பிலோமினா.

“பின்ன என்ன, அழகுக்கோ எறியிறம்? சேலைக்குக் கரை பிடிக்கிற வேலையில்லை இது!”

அவள் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். நான் வென்றேன் என்று நினைத்தேன். எனக்கு அவசரமும் இருந்தது. மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்திருந்தது; தவணை முடிய நான் போக வேண்டும். அதற்குள் இறகில் ஒரு மீனாவது பிடிக்காமல் திருகோணமலையை விட்டுப் போவதா? போன பிறகு நூல் அவளிடம், வெறும் தடி என்னிடம். அதை நினைத்தாலே அழுகை வந்தது. மீனுக்காக மட்டும் வந்த அழுகையல்ல அது.

ஃபாதர் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து நூலைக் கொஞ்சம் உருவிப் பார்த்தேன். இந்த முனையும் மெலிவு, அந்த முனையும் மெலிவு! “டீச்சர் பிலோமினா பிறகு வந்து மாற்றிச் சொன்னாவே” என்று ஃபாதர் விழித்தார். எனக்கு உச்சியில் தீப்பிடித்தது. நேரே தையல் அறைக்குப் போய், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் கத்தினேன்.

“எனக்குச் சொல்லாமல் ஏன் மாத்தினனீர்?”

“பொறும், சரோ.”

“பொறுக்க ஏலாது! நான் போற நேரம் இப்பிடியோ செய்யிறது?”

“சனிக்கிழமை சல்லிக்கு வாரும். உம்மட தடியையும் கொண்டு வாரும்.”

ஒரு நூலுக்கு இரண்டு தடி எதற்கு என்று கேட்கவும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை! களப்பு கடலில் கலக்கிற இடத்தில் கட்டா மீன் கூட்டம், வெள்ளி வெள்ளியாகப் பாய்ந்து சின்னச் சூடை மீன்களை விரட்டுகிறது. தண்ணீர் கொதிக்கிறது! நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புது நூலை எறிந்தேன். எதிர்காற்றில் நூல் காலடியில் சுருண்டு விழுந்தது. மறுபடியும் எறிந்தேன். மீன்கள் எட்டாத தூரத்தில் கும்மாளம் போட்டன. தோணியடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், “டீச்சர், மீன் பிடிக்கிறீங்களோ, மீனுக்கு அடி போடுறீங்களோ?” என்று கேட்டார். கரையே சிரித்தது. தடியை மணலில் எறியப் போனேன்.

பிலோமினா நூல் முழுவதையும் உருவி எடுத்தாள். முனையோடு முனை சேர்த்துப் பாதியாக மடித்தாள். கைப்பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

“ஐயோ, என்ன செய்யிறீர்! விசரோ உமக்கு? பிலோ!”

கறுக்.

சீமையில் இருந்து வந்த ஒரே நூல்! நான் மணலில் குந்திவிட்டேன். அவளோ சட்டைக்கு ஊக்கு வைக்கிறவள் மாதிரி ஆறுதலாக இருந்து, ஒவ்வொரு பாதியின் தடித்த வெட்டு முனையிலும் தங்கூசி என்கிற மெல்லிய நைலோன் இழையைச் சேர்த்து, தையல் நூலால் வரிந்து கட்டி, பெர்னதெத்தின் அலுமாரியில் எடுத்த நகப்பூச்சை அதன் மேல் தடவினாள். அப்போதுதான் மண்டையில் ஏறியது. முன்னால் பாரம், பின்னால் மெல்லிசு. நான் கேட்ட நூலேதான்! ஒன்றல்ல, இரண்டு!

“உம்மட நூலை வாங்கியிருந்தால் ஒருத்திக்குத்தான் காணும்” என்றாள். “நீர் வெறுந்தடியோட மட்டக்களப்புக்குப் போறதோ? இந்தாரும், உம்மட பாதி.”

நான் அழுதுகொண்டே எறிந்தேன். தங்கூசி சீறிக்கொண்டு தடியின் வளையங்களுக்குள்ளால் ஓடியது. இறகு கட்டாக் கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தது. இரண்டு இழுவைதான். தடி வில்லாக வளைந்தது! மீன் வானத்துக்குப் பாய்ந்தது, உருளை கத்தியது, என் விரலைத் தங்கூசி சுட்டது. “ஓட விடும்! ஓட விடும்! பிடியாதேயும்!” என்று பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் நின்று குதித்தாள். சிரித்த மனிதர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “விடாதீங்கோ டீச்சர்!” என்று கத்தினார். ஒருத்தி விடு என்கிறாள், ஒருவர் விடாதே என்கிறார்! எப்படியோ கரையேற்றினேன். என் விரல் நுனியில் இருந்து முழங்கை வரை நீளமான கட்டா. பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துக்கொண்டே டவுனுக்கு வந்தோம். கொண்டக்டர் மூக்கைப் பொத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் என் பாதியோடு வந்தேன். நூல் போகப் போக வெடித்தது, பூச்சு உரிந்தது. அவள் நகப்பூச்சுப் பூசிப் பூசி அதற்கு உயிர் கொடுத்தாள். பெர்னதெத் இரண்டு பைத்தியம் என்று எங்களைத் திட்டினாள்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் பூசையன்று பெர்னதெத் பிலோமினாவின் உருளையையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “ரெண்டு பாதியையும் பொருத்தி, நீங்களே முழுசா வைச்சிருங்கோ அக்கா” என்றாள். வாங்கினேன். வழக்கம்போல என் பையில் வந்திருந்த என் பாதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வெட்டு முனையும் ஒரே மாதிரித் தடித்திருந்தன. பொருத்தலாம்தான். பொருத்தினால் பிறகு ஒருத்திதான் எறியலாம்.

“பெர்னா, சேலையைத் தூக்கிச் செருகும்” என்றேன்.

“நானோ? எனக்கு எறிய ஏலாது அக்கா!”

அன்று பின்னேரம் சல்லியில் பெர்னதெத்தின் முதல் எறிவில் கொளுக்கி அவளுடைய சேலையிலேயே ஏறியது. பிலோமினாவின் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். என் பாதி என் உருளையில் இருக்கிறது, கத்தரிக்கோலும் இனி என்னுடையதுதான். பிலோமினாவின் பாதி, பெர்னதெத்தின் மூன்றாவது எறிவில், சீறிக்கொண்டு கடலுக்கு மேலே போனது.

“போகுது அக்கா! போகுது, பாருங்கோ!” என்று பெர்னதெத் கத்தினாள். என்னைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்து.