சிகப்பி வேண்டிக்கொண்ட தேன்

பீடோங் டவுனில் சிகப்பி ஏறி இறங்காத கடை இல்லை. பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டது. அவள் கையில் இன்னும் ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை.

அது 1978. முந்தின வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் கத்தி அவள் வலக்கையைப் பதம் பார்த்துவிட்டது. விரல் மடங்காமல் கிடந்தபோது தோட்டத்து முருகனிடம் வேண்டிக்கொண்டாள்: “இந்தக் கை ஆறட்டும். நம்ம மண்ணுத் தேன இதே கையால உனக்கு ஊத்துறேன்.” கை ஆறி, மறுபடி பால் வெட்டவும் போய்விட்டாள். தேன்தான் அகப்படவில்லை.

மளிகைக்கடை அப்பளசாமிதான் கோயில் தலைவரும். அவர் வெளிநாட்டுப் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

“ஆஸ்திரேலியாத் தேன் லா, தங்கச்சி. சாமி என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போவுது?”

“சாமி கேக்காதுண்ணே. சொன்ன வாய் என்னோடதுல்ல?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிகப்பி விறுவிறுவென்று வெளியேறினாள்.

மறுநாள் வெட்டுக்காட்டில் தலைக்கு மேலே ஒரே ரீங்காரம். இலை கொட்டிய ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன; தளிர்க்காம்பில் கசியும் தேனுக்குத் தேனீக்கள் மொய்த்தன. வருஷா வருஷம் கேட்ட சத்தம்தான். அன்றுதான் அவள் காதில் ஏறியது. இத்தனை தேனீக்கும் ஒரு கூடு இருக்க வேண்டுமே! வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்து, அவை பறந்த திக்கிலேயே மிதித்தாள்.

சுங்கை லாலாங் பக்கம், தோட்டத்து எல்லையில் ஒரு வீடு. பலாமரத்தடியில் குடைந்த தென்னங்கட்டைகள். அவற்றின் துளைகளில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

தேன் கேட்டதும் வீட்டுக்காரி அகத்தா போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. சிகப்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

“சீனி கலந்ததாக்கா?”

“பாத்தியா, நீயும் அதையே கேக்கறே! ரப்பர் தேன் சீக்கிரம் உறைஞ்சிரும். பாசார் சந்தையில யாரும் நம்பல, விக்கிறதையே விட்டுட்டேன். சந்தேகம்னா நக்கிப் பாரு.”

“சாமிக்கு ஊத்துறதுக்கு முன்னால வாயில வைக்கக் கூடாதே. கூட்டத் திறங்க, நானே பிழிஞ்சுக்கறேன்.”

“கொட்டும் லா!”

“கொட்டட்டும்.”

அகத்தா தேங்காய் மட்டையைப் புகையவிட்டுக் கட்டையைத் திறந்தாள். சிகப்பி வலக்கையை உள்ளே விட்டாள். நன்றாகவே கொட்டின. பிடித்த அடையை மட்டும் அவள் விடவில்லை.

உத்திரத்தன்று வேலுக்கு அபிஷேகம். வரிசையில் வந்த சிகப்பியின் செம்பை அப்பளசாமி எட்டிப் பார்த்தார்.

“இது எந்தக் கடைச் சீனிப்பாகு?”

அவள் கூடவே கொண்டுவந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே தேன் வழியும் அடை, ஒட்டிக்கொண்டு செத்த தேனீயோடு. அவர் குனிந்து அடையைப் பார்த்தார். பிறகுதான் பன் மாதிரி உப்பியிருந்த அவள் கை கண்ணில் பட்டது.

“கையில என்னம்மா?”

“ஆஸ்திரேலியாவுல கொட்டிருச்சுண்ணே.”

கோயிலே சிரித்தது. இந்த முறை சிகப்பியும் சேர்ந்து சிரித்தாள். அந்த வீங்கிய கையாலேயே செம்பைச் சாய்த்தாள். வேலின் நுனியிலிருந்து அடிவரை தேன் பொன்னாக இறங்கியது. அதன் பிறகுதான் விரலை வாயில் வைத்தாள். அப்படியொரு இனிப்பு!

வாசலில் அப்பளசாமி பின்னாலேயே வந்தார். “தங்கச்சி, நம்ம கடைக்கும் கொஞ்சம் போத்தல் சொல்லிவை.”

“அடியில உறைஞ்சிருக்கும்ணே.”

“உறையட்டும் லா!”