உதறிப் போட்ட புளியாரை

எட்டாம் நம்பர் மலையில் இளந்தேயிலை நட்ட இரண்டாம் வருடம் புளியாரை வந்தது. மூன்று இலை, ரோஸ் நிறப் பூ. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை எல்லா ஊர்களிலும் பூந்தொட்டி, வீட்டுத் தோட்டம் எல்லாவற்றிலும் கிடக்கும் அதே சனியன். ஒன்றரை வருடமாக எடுக்க எடுக்க அதிகமானது. அங்கே களையெடுப்புக் கங்காணி நான்தான்.

தோட்டத்துத் துரை வந்து பார்த்துவிட்டு, யார் வேலை சரியில்லை என்று கேட்டார். லெட்சுமி என்றேன். ஆளுக்கு இத்தனை நிரை தேயிலை என்று நிரந்தரமாகப் பிரித்திருந்தோம். மற்றவர்கள் நான்கு நிரை முடிக்கும்போது அவள் இரண்டில் நிற்பாள். போதாததற்கு, பிடுங்கிய களையை மண்ணோடு சாக்கில் போடுவாள். மலை மண் போனால் திரும்பாது, வேரை உதறிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது என் சட்டம். "மண்ண மூட்ட கட்டி விக்கப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிடலாம், எங்கெங்கே களையை விட்டிருக்கிறாள் என்று எழுதிக் கொடு என்றார் துரை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். தெரிந்துதான் பெயரைச் சொன்னேன்.

எழுதப் போன இடத்தில் குழம்பினேன். நாங்கள் கைவைக்காத காட்டோரத்தில் ஒரு புளியாரைகூட இல்லை. வேகமான கைகளின் நிரைகளில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. லெட்சுமியின் நிரைகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு செடியைத் தோண்டினேன். கிழங்கைச் சுற்றிக் கடுகு அளவில் குட்டிக் கிழங்குகள். சாக்கை விரித்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு உதறு உதறினேன். பதினேழு விழுந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பதினேழை விதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

லெட்சுமியிடம் போய், ஏன் உதறுவதில்லை என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் பின்னால உதறுனேன், அம்புட்டும் மொளச்சு கொத்தமல்லிய தின்னுருச்சு கங்காணி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"ரெண்டு வாட்டி சொன்னேன் லா. வாய மூடிட்டு உதறுன்னீங்க."

சொல்லியிருப்பாள். எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால்தானே நினைவிருக்கும்.

அந்தச் சாக்கோடு துரையிடம் போனேன். "ஆள நிறுத்தணும்னா என்னைய நிறுத்துங்க. இத மலை பூராவும் பரப்புனது நான்தான்" என்றேன். அவர் சாக்கிலிருந்த கிழங்குகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். யாரையும் நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரும் உதறாமல் மண்ணோடுதான் சாக்கில் போட்டார்கள். லெட்சுமி வேகத்துக்குத்தான் வேலை.

புளியாரை இன்னும் ஒழியவில்லை. புதிதாகக் கங்காணியாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். மெதுவாக வேலை செய்கிற ஆளைத் திட்டுவதற்கு முன், அந்த ஆளின் நிரையில் இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.