நீல வெளிச்சத்தில் ஏற்றிய கற்பூரம்

என் வீட்டுக்காரருக்கு லேசர் பைத்தியம். பழைய புரொஜெக்டரை உடைத்து உள்ளே நீல வெளிச்சம் தரும் டயோடை எடுப்பார். டார்ச் லைட்டுக்குள் பொருத்துவார். கடை லேசரைப் பிரித்து வெளிச்சத்தைக் கூட்டுவார். ஒயர்களை ஒட்ட சால்டர் வைப்பது நான். கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்தவள். படிப்பு பத்தாவதோடு சரி. "கை அவளோடது, மூளை என்னோடது" என்று நண்பர்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நான் காபி கொடுப்பேன்.

எனக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. வாடகை வீட்டுக் கராஜ் சுவரில் முதன்முதலாக அந்தப் புள்ளி விழுந்தபோது இருவரும் கண்ணைக் காக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டிருந்தோம். அது இல்லாமல் பொத்தானைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அதனால்தான் தெரியாமல் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சொந்தமாக வீடு வாங்கினோம். கிரகப்பிரவேசம். ஹோமப் புகைக்கு அலாரம் அடிக்காமல் இருக்க, கூரையில் இருந்த கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டினோம். இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். தீபாராதனைக்குக் குருக்கள் தீப்பெட்டி தேடினார். இவர் லேசரை எடுத்தார்.

"நம்ம வீட்டுல தீப்பெட்டி கிடையாது சாமி. பாருங்க."

வெள்ளைக் கற்பூரம் லேசரில் சுலபமாகப் பற்றாது. முன்பே மார்க்கரால் கறுப்புப் பூசி வைத்திருந்தார். குருக்கள் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு, "கற்பூரத்துக்கே திருஷ்டிப் பொட்டா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, காரில் வீடு வீடாகப் போய்ப் பூஜை செய்பவர்.

"கண்ணாடி எங்க?" என்று கேட்டேன்.

"வீடியோல அசிங்கமா இருக்கும்டி. சும்மா இரு. எல்லாரும் கண்ணை மூடிக்கோங்கப்பா, சாமி கும்பிடற மாதிரி!"

மூடினார்கள். தட்டைப் பிடித்திருப்பவர் எப்படி மூடுவார்? புது வெள்ளித் தட்டு, பட்ட வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் முகக்கண்ணாடி மாதிரி பளபளத்தது. "வேணாங்க" என்று முகத்தைத் திருப்பினேன். அதற்குள் அழுத்திவிட்டார். குருக்கள் "ஐயோ" என்றார். கற்பூரம் பற்றிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தீபாராதனைக்குக் கை தட்டினார்கள்.

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி மந்திரத்தை முடித்தார். இலையில் உட்கார்ந்தபோது, "வலது கண்ல, நடுவுல, ஒரு கரும்புள்ளி நிக்கறதும்மா. பாயசத்துலயும் தெரியறது" என்றார்.

"போட்டோ ஃப்ளாஷ் மாதிரிதான், சரியாயிடும் சாமி" என்று இவர் இன்னொரு வடை வைத்தார்.

சரியாகவில்லை. அடுத்த வாரம் குருக்கள் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் பேசினார்.

"டாக்டர்கிட்ட சூரியனைப் பாத்தேன்னு சொல்லுங்க. தினம் சூரியனைப் பாத்து சந்தி பண்றவர்தானே நீங்க? நம்புவாங்க. எனக்கு கிரீன் கார்டு வர்ற நேரம் சாமி, கேஸ் எதுவும் ஆகக்கூடாது."

குருக்கள் "சரி" என்றார்.

சூரியன் மேலேயே பழி போடுகிற மனுஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

இவருக்கு மீட்டிங். குருக்களைக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. "அவர் சொல்றதுக்குத் தலையை ஆட்டு, போதும். உன் இங்கிலீஷை அங்க காட்டாத."

டாக்டர் அம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குருக்கள் குனிந்துகொண்டு "சன்" என்றார். ஒற்றைக் கண்ணாலா சூரியனைப் பார்த்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். குருக்கள் என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லிப் பழகாத முகம்.

"நோ சன். லேசர். மை ஹவுஸ்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பார்வையின் நடுவில் தழும்பு, மருந்து கிடையாது, தானாகக் குறைந்தால் உண்டு என்றார். கார் ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்.

"இனி எப்படிம்மா வீடுகளுக்குப் போவேன்?" என்று குருக்கள் காரில் கேட்டார்.

குருக்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது இவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "சூரியன்னு சொன்னாரா?"

"சொன்னார். நான் லேசர்னு சொல்லிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? என் பேரைச் சொன்னியா? எழுதிக்கிட்டாங்களா?"

கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நின்றேன். கேட்கவில்லை. "இரு, அவர்கிட்ட பேசி மாத்திச் சொல்லச் சொல்றேன்" என்று போனைத் தேடினார்.

நான் என் போனில் முந்திக்கொண்டேன். "சாமி, இவர் கூப்பிடுவார். எடுக்காதீங்க. யார் கேட்டாலும் எங்க வீட்லதான்னு சொல்லுங்க."

இவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும்.