இரவல் சங்கிலி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் இதயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படியொன்று கிடையாது. என்னை ஓடச் சொல்லமாட்டார்கள், வகுப்பறை கூட்டச் சொல்லமாட்டார்கள், கணக்கில் புள்ளி குறைந்தாலும் ரீச்சர் ஏசமாட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக ஒப்பரேசன் செய்வதற்குப் பெயர் பதிந்திருந்தார்கள். ஆனால் முறை வரும்வரை பிள்ளை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். காசு கட்டினால் கொழும்பில் உடனே செய்யலாம். நீர்வேலியில் குத்தகைக் காணியில் வாழை வைத்திருந்த அப்பா, அந்தத் தொகையைக் கேட்டபின் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் வீடியோத் தம்பியைப் பற்றி யாரோ சொன்னார்கள். வசதியில்லாத நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து முகநூலில் போடுவார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் சனம் அதைப் பார்த்து, ஆளுக்குக் கொஞ்சமாக ஆஸ்பத்திரிக்கே நேரடியாக அனுப்பும். வீட்டில் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வெளிநாட்டுச் சனம் முழுக்கப் பார்க்கப்போகிற வீட்டை இருக்கிறபடி விட அம்மாவுக்கு மனம் வருமா? முற்றம் கூட்டினார், கதிரைகளுக்கு உறை மாற்றினார், எனக்குப் பிறந்தநாள் சட்டையைப் போட்டுவிட்டார். தான் நல்ல சேலை கட்டி, பக்கத்து வீட்டு மாமியின் தடித்த சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மாவின் தங்கத் தாலிக்கொடி என் கொழும்புப் பயணங்களுக்காக எப்போதோ வட்டிக்கடைக்கு அடைவுக்குப் போய்விட்டது. தாலி ஒரு மஞ்சள் கயிற்றில் சட்டைக்குள் ஒளிந்திருந்தது. கொடியில்லாத கழுத்தை ஊருக்கும் உறவுக்கும் காட்டுவதாவது!

வந்த தம்பிக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். நான் கமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கொஞ்சம் முகத்தை வாட்டமாக வைக்கச் சொல்லி அவர் கெஞ்சிப் பார்த்தார், நான் மசியவில்லை. எனக்கு எப்படியும் சுகம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்கு வாடுவது?

வீடியோ முகநூலில் வந்தபோது என் சிரிப்பை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சங்கிலியில்தான். அதை விற்றாலே ஒப்பரேசன் செய்யலாமே என்று ஒருவர் எழுதினார், சுத்த ஏமாற்று என்று இன்னொருவர். குடும்ப மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டதாக கனடாவிலிருந்து பெரியமாமா தொலைபேசியில் குதித்தார். வரத் தொடங்கிய உதவியும் நின்றுபோனது. அதற்குள் வாசல் படலைவரை நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலமாகியது.

வீடியோத் தம்பி கமராவோடு திரும்ப வந்தார். சங்கிலி தன்னுடையது என்று தானே சொல்லிவிடுவதாக மாமி முன்வந்தார். அம்மா வேண்டாம் என்றுவிட்டு, வேலைக்குக் கட்டிய சேலையோடு முற்றத்தில் போய் நின்றார். சட்டைக்குள் கைவிட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துப் போட்டார்.

“அண்டைக்கு வீடியோவிலை போட்டது இரவல். என்ரை கொடி அடைவிலை கிடக்கு. இதுதான் என்ரை கழுத்து, வடிவாப் பாருங்கோ. எனக்கு என்ரை பிள்ளை வேணும்.”

அப்பா எழுந்து வாழைகளுக்குள் போய்விட்டார். எனக்கோ சரியான கோபம். அன்றைக்கு என்னைப் படம் எடுக்கவேயில்லை.

காசு சேர்ந்துவிட்டது என்று ஒரு கிழமைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பரேசன் முடிந்து வீடு திரும்பியபோது நான் ஊரில் பெரிய ஆள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் நேராக இறங்கும் தையலைக் காட்டினேன். மாமி அப்பிள் பையோடு வந்தபோதும் அப்படித்தான். அம்மா ஓடிவந்து பொத்தானைப் பூட்டினார்.

“ஆக்களுக்கு முன்னாலை உந்தத் தையலைக் காட்டாதை, பிள்ளை.”

“நீங்கள் உலகத்துக்கே காட்டினீங்கள்தானே அம்மா?”

அம்மாவின் கை பொத்தானிலேயே நின்றது. “ஓம்” என்றார். பிறகு தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மாவை மடக்கிவிட்ட சந்தோஷத்தில், நான் மறுபடியும் பொத்தானைக் கழற்றி மாமிக்குத் தையலைக் காட்டினேன்.