கூடத்தில் ஒரே ஒரு கொக்கு

எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் நான்கு கிடையாது. மூன்றுக்கு மேல் 3ஏ, அதற்கு மேல் ஐந்து. சீனர்களுக்கு நான்கு ஆகாத எண்ணாம். மூன்று வயது மகள் யாழினி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு ஏ, அஞ்சு" என்று எண்ணும்போதெல்லாம், பாலர் பள்ளியில் சிரிப்பார்களோ என்று நடுவில் புகுந்து "நாலு" என்று திருத்துவேன். லிஃப்டில் சரியாக இருப்பது பள்ளியில் பிசகு; ஊரில் சரியாக இருந்தது இங்கே பிசகிவிடுகிறது. போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று.

மலேசியாவின் இந்தப் பினாங்கில் பழைய இரும்பால் பறவைகள் செய்து பேர் வாங்கிய மூத்த சிற்பி ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்து இரும்பைக் கையில் எடுத்த இளையவர்கள், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் கண்காட்சி வைத்தார்கள். மாமல்லபுரத்தில் கல் செதுக்கப் படித்துவிட்டு, கணவர் செந்திலுக்குப் பக்கத்துப் பிறை நகரில் கிடைத்த தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்தவள் நான். ஏற்பாட்டைக் கவனித்த கவிதா என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஜெலுத்தோங் பகுதிப் பட்டறை ஒன்றில், மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழுத்தாக வளைத்து ஒரு கொக்கு செய்தேன். அந்த மூத்த சிற்பியின் கொக்கு எப்படி நிற்குமோ, அப்படியே நின்றது.

பெயர்ச்சீட்டு ஒட்டும் முன்பே சிற்பி வந்துவிட்டார். கொக்கைச் சுற்றி வந்தார்.

"கவிதா, இது எங்க கெடைச்சது? நான் எப்ப செஞ்சேன்னே ஞாபகம் இல்லலா" என்றார், இந்த ஊர் 'லா'வோடு.

"எங்கம்மா செஞ்சது!" என்றாள் யாழினி.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியே என்னுது மாதிரியே இருக்கேம்மா."

"ரொம்ப நன்றி சார்" என்றேன், கைகூப்பி.

"நன்றியா?" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னாலிருந்து ஓர் இளைஞன், "அங்கிள், இனி நீங்க ரெஸ்ட் எடுக்கலாம். டூப்ளிகேட் ரெடிலா!" என்றான். "சும்மா இருடா" என்ற கவிதாவும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள்.

மாமல்லபுரத்தில் ஒருநாள், என் நந்தியையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்து, "எது என் கைன்னு எனக்கே தெரியலையே" என்றார் எங்கள் ஆசிரியர். வகுப்பே கைதட்டியது. அப்பா அண்டை அயலுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தார். அங்கே அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அந்த நினைப்பில்தான் கைகூப்பினேன்.

அப்புறம்தான் மற்றவர்கள் செய்ததைப் பார்த்தேன். கவிதா இரும்பில் ஒரு துணிக்கொடி கட்டியிருந்தாள். ஈரச் சட்டைகள் கனத்துத் தொங்கின. வெல்டிங் தழும்பை மறைக்காத துணிச்சல் ஒன்றைத்தான் அவள் சிற்பியிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கேலி செய்தவன் வைத்திருந்தது ஒரு கதவு. கூடத்தில் பறவை என்னுடையது மட்டும்தான்.

"அக்கா, பேரு ஒட்டவா? வேணாம்னா எடுத்துறலாம், பரவால்ல" என்றாள் கவிதா, குரலைத் தாழ்த்தி. எடுத்தாலும் அவமானம், வைத்தாலும் அவமானம். யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டு" என்றேன்.

அதற்குள், எங்களோடு வந்திருந்த செந்தில் ஊர்க் குடும்பக் குழுவுக்குக் குரல்பதிவே அனுப்பிவிட்டார்: "பெரிய சிற்பியே தன்னோடதுன்னு நெனைச்சுட்டாரு!" பைக்குள் என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, அப்பா, சித்தி, மாமா, ஒவ்வொருவராகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் பெயரை முதுகால் மறைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றேன்.